பூச்சிக்கும் முகத்துக்கும் ஒரே லென்ஸ்: 90 மி.மீ. மேக்ரோவை எப்படித் தேர்ந்தெடுப்பது

பூ, பூச்சி, மோதிரம் மாதிரிச் சின்ன விஷயங்களைக் கிட்டப் போய் எடுக்க வேண்டும், மனிதர்களின் முகமும் நன்றாக வர வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி லென்ஸ் வாங்கக் கட்டுப்படியாகாது, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் பதில் 90 முதல் 105 மி.மீ. ஃபோகல் லெங்க்த்துக்குள் ஒரு எஃப்/2.8 மேக்ரோ, அதாவது மிகக் கிட்டப் போய்ச் சின்னதைப் பெரிதாக எடுக்கும் லென்ஸ். (மி.மீ. கூடக் கூடத் தூரத்திலிருந்தே பொருள் பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் துளை பெரிது.) இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழப்பம் வருவதெல்லாம் அடுத்த படியில்தான், அந்த ரகத்தில் இருக்கும் ஏழெட்டு லென்ஸ்களில் எது என்பதில். அங்கே பெரும்பாலானவர்கள் கூர்மையை வைத்து முடிவு செய்கிறார்கள், டெஸ்ட் சார்ட்டின் மூலையைப் பெரிதாக்கி ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகிறார்கள். வீண் வேலை. ஒழுங்காகச் செய்த மேக்ரோ லென்ஸ் எதுவுமே கூர்மையாகத்தான் இருக்கும். தபால்தலை, பழைய ஆவணம் மாதிரித் தட்டையான பொருளை ஓரம் வரை ஒரே சீராகக் காட்ட வேண்டும் என்பதை மனதில் வைத்தே வடிவமைக்கப்படும் ரகம் இது. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். பூச்சிக்கு லென்ஸின் முனையிலிருந்து எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது, முகம் எடுக்கும்போது அந்த லென்ஸ் எப்படி நடந்துகொள்கிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மேக்ரோ என்று லென்ஸின் மேல் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜூம் லென்ஸ்கள் பலவற்றில் அந்தப் பெயர் இருக்கும், ஆனால் 1:4, மிஞ்சிப்போனால் 1:3 அல்லது 1:2 வரைதான் போகும். பார்க்க வேண்டியது அதிகபட்ச உருப்பெருக்கம் என்ற எண். 1:1 என்றால் பொருள் எவ்வளவு பெரியதோ அவ்வளவே அதன் பிம்பமும் சென்சாரில் விழுகிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., ஆக 36 மி.மீ. அகலமுள்ள பொருள் ஃபிரேமை முழுதாக அடைக்கும். ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 24 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17 மி.மீ. சொச்சம். அதனால் சின்ன சென்சார் வைத்திருப்பவர்களுக்கு அதே 1:1-ல் இன்னும் சின்னப் பூச்சி ஃபிரேமை நிறைக்கும். பூச்சிப் படத்துக்கு ஃபுல் ஃபிரேம் இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமே இல்லை.

சரி, ஏன் 90-லிருந்து 105 வரை? 50 மி.மீ. மேக்ரோ சின்னது, லேசானது, விலையும் குறைவு. ஆனால் நிக்கானின் இசட் 50 மி.மீ. மேக்ரோவை 1:1-க்குக் கொண்டுபோனால் லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே 6 செ.மீ. கூட மிஞ்சாது. லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும், பூச்சி இருந்த இடத்தில் இருக்காது. முகத்துக்கும் அது சரிப்படாது. தலையும் தோளும் சேர்ந்து 60 செ.மீ. உயர ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ.க்கு ஆளிடமிருந்து 90 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டப் போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஒளிந்துகொள்ளும். அதே ஃபிரேமுக்கு 90 மி.மீ. சுமார் 1.6 மீட்டர் தூரம் கேட்கும். முகம் முகமாக இருக்கும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கவும் முடியும். 180 மி.மீ.க்குப் போனால் 3 மீட்டருக்கு மேல் பின்வாங்க வேண்டும், சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும். பூச்சிக்கு மட்டும் என்றால் 180 அருமையான லென்ஸ், முனையிலிருந்து 25 செ.மீ. அளவுக்கு இடம் கொடுக்கும், ஆனால் ஒரு கிலோ அளவுக்கோ அதற்கு மேலோ கனக்கும். முகத்தையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நான் இப்போது வைத்திருப்பது டாம்ரான் 90 மி.மீ. எஃப்/2.8, எஃப்072 என்ற மாடல். 2024-ல் சோனி இ, நிக்கான் இசட் மவுன்ட்களுக்கு, அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்களுக்கு, வந்தது. அதற்கு முன்னால் பல வருடம் என்னோடு இருந்தது அதே கம்பெனியின் பழைய 90, 272இ. டாம்ரான் இந்த 90-ஐ 1979-லிருந்து விடாமல் செய்துகொண்டிருக்கிறது. முதலில் வந்தது எஃப்/2.5, அது 1:2 வரைதான் போகும். 1:1 போகும் எஃப்/2.8 வடிவம் 1996-ல் வந்தது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் சேர்த்தது 2012-ல், அதைச் சீர்செய்தது 2016-ல். இத்தனை தலைமுறையிலும் மாறாமல் வந்த ஒன்று உண்டு, முகம் எடுக்க நல்ல மேக்ரோ என்ற பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 272இ-ல் ஃபோகஸ் விட்டுப் போகும் இடம் அத்தனை மென்மையாக இருக்கும், கண் இமையிலிருந்து காதுக்குப் போவதற்குள் எந்த இடத்தில் கூர்மை முடிந்தது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. 405 கிராம்தான். ஆனால் ஆட்டோஃபோகஸ் மெதுவாகவும் சத்தமாகவும் வேலை செய்யும், 1:1-க்குப் போகும்போது லென்ஸின் மூக்கு வெளியே நீண்டுகொண்டே போகும். குழந்தை ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

புதியதில் அந்தக் குறைகள் அனைத்தும் போய்விட்டன. மோட்டார் வேகமானது, சத்தம் இல்லை, உள்ளேயே ஃபோகஸ் ஆகிறது, நீளம் மாறுவதில்லை. கேமராவின் கண் கண்டுபிடிக்கும் வசதியோடு சேர்த்தால் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஆளைக்கூட விடாமல் பிடிக்கிறது. ஒளி நுழையும் துளையை (அப்பர்ச்சர்) மூடித் திறக்கும் இதழ்கள் 12, டாம்ரான் இத்தனை இதழ் வைப்பது இதுதான் முதல் தடவை. அதனால் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) மூடினாலும் பின்னால் இருக்கும் விளக்குகள் வட்டமாகவே நிற்கின்றன. முகத்துக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் இந்த லென்ஸில் நான் முகம் எடுப்பது பெரும்பாலும் எஃப்/3.5, எஃப்/4-ல்தான், அங்கே இதழின் முனைகள் தெரிந்தால் பின்னணி உறுத்தும். லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பான ஹூடில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருக்கிறார்கள், அதைத் திறந்து போலரைசர் ஃபில்ட்டரைத் திருப்பலாம். இலை மேல் இருக்கும் பளபளப்பைக் குறைக்க ஹூடைக் கழற்றி மாட்டும் தொல்லை இல்லை. சின்ன வசதிதான், ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரம் 23 செ.மீ., அது சென்சாரிலிருந்து கணக்கிடுவது. லென்ஸின் நீளத்தையும் மவுன்டின் ஆழத்தையும் கழித்தால் 1:1-ல் முனைக்கு முன்னால் மிஞ்சுவது எட்டரை செ.மீ. அளவுதான். சோனியின் 90-ல் இது சுமார் 13, நிக்கான் இசட் 105-லும் சுமார் 13, சிக்மா 105-ல் 14. எண்ணில் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால் ஒரு தும்பியின் முன்னால் அந்த ஐந்து சென்டிமீட்டர்தான் படம் கிடைத்ததா, பறந்துபோனதா என்பதை முடிவு செய்கிறது. உங்கள் படங்களில் பாதிக்கு மேல் உயிருள்ள பூச்சி என்றால் எனக்கு மிகவும் பிடித்த இந்த டாம்ரானை உங்களுக்குச் சொல்ல மாட்டேன், மேலே சொன்ன மற்ற மூன்றில் ஒன்றுக்குப் போங்கள். முகம் பாதி, பூவும் நகையும் சின்னப் பொருள்களும் பாதி என்றால் இதையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பூ எங்கேயும் பறந்துபோகாது.

ஏன் இந்த வித்தியாசம் வருகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த லென்ஸையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே எதையும் நகர்த்தாமல் லென்ஸை மொத்தமாக முன்னால் தள்ளி 1:1 எட்டினால், பொருளுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் ஃபோகல் லெங்க்த்தைப் போல நாலு மடங்கு. 100 மி.மீ.க்கு 40 செ.மீ. ஆனால் இன்றைய 100 மி.மீ. மேக்ரோக்கள் 30 செ.மீ.லேயே 1:1 தருகின்றன. அப்படியானால் அந்த இடத்தில் அது கிட்டத்தட்ட 75 மி.மீ. லென்ஸாகத்தான் வேலை செய்கிறது. உள்ளே கண்ணாடிகள் நகர்ந்து ஃபோகல் லெங்க்த்தைக் குறைத்துக்கொள்கின்றன, மூக்கு நீளாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. 23 செ.மீ.ல் 1:1 தரும் லென்ஸ் இன்னும் அதிகமாகக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முகம் எடுக்கும் தூரத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

முகத்துக்கு மேக்ரோ வேண்டாம், அளவுக்கு மீறிய கூர்மை, தோலின் ஒவ்வொரு துளையும் தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இன்றைக்கு வரும் 85 மி.மீ. லென்ஸ்களும் அதே அளவுக்குக் கூர்மைதான், அவற்றைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. தோலைக் கரடுமுரடாகக் காட்டுவது பெரும்பாலும் வெளிச்சம். பக்கவாட்டிலிருந்து சின்ன விளக்கு ஒன்று அடித்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் போடும், எந்த லென்ஸாக இருந்தாலும் தோல் மணல் மாதிரித் தெரியும். அதே ஆளைப் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில், முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துப் பாருங்கள், அதே மேக்ரோ லென்ஸில் தோல் எவ்வளவு அழகாக வருகிறது என்று. வெளிச்சம் வருகிற பரப்பு பெரிதாகப் பெரிதாக அந்தக் குட்டி நிழல்கள் நிரம்பிவிடும். அப்புறமும் வேண்டுமானால் எடிட் செய்யும்போது டெக்ஸ்ச்சரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இல்லாத கூர்மையைப் பின்னால் சேர்க்க முடியாது, இருப்பதைக் குறைப்பது ஒரு நொடி வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதானவர்களின் முகத்துக்கும் கைகளுக்கும் மேக்ரோ லென்ஸைப் போல வேறு எதுவும் எனக்குப் பொருந்தியதில்லை. கண் ஓரத்துச் சுருக்கங்கள், விரல் மூட்டு, நெற்றியில் விழுந்த கோடுகள், இவற்றை மங்கலாக்கி இளமையாகக் காட்டும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தக் கோடுகள்தான் அந்த ஆள். பிறந்த குழந்தையின் இமை, சுருட்டிய கைவிரல், பாதத்தின் மடிப்பு, இதெல்லாம் 85 மி.மீ. லென்ஸால் முடியாத இடம். 85 மி.மீ. எஃப்/1.8, எஃப்/1.4 லென்ஸ்களில் பெரும்பாலானவை 80, 85 செ.மீ.க்குக் கீழே ஃபோகஸ் ஆகாது, உருப்பெருக்கம் 0.12, 0.13 அளவிலேயே நின்றுவிடும். அதாவது முகம் ஃபிரேமை நிறைத்த இடத்தோடு சரி. அதற்கு அப்புறம் ஓர் அடி எடுத்து வைத்தாலும் படம் மங்கும். மேக்ரோவில் தலை, தோள் என்று ஆரம்பித்து முகம், கண், இமை என்று நடந்துகொண்டே போகலாம், எங்கேயும் தடை இல்லை. முகம் எடுப்பதற்கு மேக்ரோவை நான் இவ்வளவு சொல்வதற்கு உண்மையான காரணம் இந்த நடை.

பின்னணி மங்குவதைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். வெகு தொலைவில் இருக்கும் ஒரு விளக்கு படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாக வரும் என்று தெரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு: ஃபோகல் லெங்க்த்தை எஃப் எண்ணால் வகுங்கள், வருகிற மில்லிமீட்டர்தான் ஆளின் முகத்தோடு ஒப்பிட்டால் அந்த வட்டத்தின் அளவு. 90 மி.மீ. எஃப்/2.8-க்கு 32 மி.மீ., முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணின் அகலம் அளவுக்கு. 105 மி.மீ. எஃப்/2.8-க்கு 37. 85 மி.மீ. எஃப்/1.8-க்கு 47, எஃப்/1.4-க்கு 61. 50 மி.மீ. எஃப்/1.8-க்கு 28. ஆக மேக்ரோ 50-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாக மங்கவைக்கும், 85 எஃப்/1.4-ஐ நெருங்கவே முடியாது. பின்னணி முழுக்கக் கரைந்து வண்ணமாக நிற்கும் படங்கள்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் மேக்ரோ உங்களைத் திருப்திப்படுத்தாது. ஆனால் ஃபோகஸ் ஆழத்தை, அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்பதை, மறந்துவிடக் கூடாது. தலையும் தோளும் வரும் ஃபிரேமில் எஃப்/2.8-ல் சுமார் 5 செ.மீ. ஆழம் கிடைக்கும், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கும். முகம் மட்டும் ஃபிரேமை நிறைத்தால் அதே எஃப்/2.8-ல் ஒன்றேகால் செ.மீ. சொச்சம்தான். அந்த இடத்தில் எஃப்/1.4 போனால் இமை தெளிவாக இருக்கும், கருவிழி மங்கும். கிட்ட எடுக்கும் முகத்துக்கு எஃப்/2.8 என்பதே தாராளம்.

ஆட்டோஃபோகஸ் இந்த ரகம் முழுவதையும் வாட்டும் விஷயம். சாதாரண லென்ஸ் 80 செ.மீ.லிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேடினால் போதும், மேக்ரோ 25, 30 செ.மீ.லிருந்து தேட வேண்டும். வெளிச்சம் குறைந்த அறையில் ஒரு தடவை தவறவிட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்த் திரும்பி வரும், அதற்குள் ஆளின் சிரிப்பு முடிந்திருக்கும். அதனால் ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சோனி 90, சிக்மா 105, கேனான் 100 எல் இவற்றில் எல்லாம் மூன்று நிலை ஸ்விட்ச் உண்டு. முகம் எடுக்கும்போது அரை மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அந்த ஸ்விட்சை யாரும் தொடுவதே இல்லை, தொடாமலேயே லென்ஸ் மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். டாம்ரான் எஃப்072-ல் ஃபோகஸ் செட் பொத்தான் ஒன்று இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று யூஎஸ்பி-சி கம்பி மாட்டி நாமே வைத்துக்கொள்ளலாம். அதன் மோட்டார் வேகத்துக்கு எனக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை.

பூச்சிக்கு வந்தால் ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். 1:1-ல் ஆழம் எஃப்/8-ல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், எஃப்/2.8-ல் அதில் மூன்றில் ஒரு பங்கு. கையில் பிடித்திருக்கும்போது நம் உடல் அதைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஆடுகிறது. மோட்டார் துரத்திப் பிடிக்கும் விஷயம் இல்லை இது. எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று ஃபோகஸ் வளையத்தில் முதலில் வைத்துக்கொண்டு, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து, கண் தெளியும் நொடியில் வரிசையாக நாலைந்து அடிக்க வேண்டும். எஃப்/16-க்கு மூடிவிடலாமே என்றால், அங்கே இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. 1:1-ல் லென்ஸ் சுமார் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்கிறது, எஃப்/2.8 என்பது எஃப்/5.6 மாதிரி நடந்துகொள்கிறது, எஃப்/16 என்பது எஃப்/32 மாதிரி. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதும் மொண்ணையாகிவிடும். நிக்கான் கேமராக்கள் இந்த மாறிய எண்ணையே திரையில் காட்டும், அதைப் பார்த்து எஃப்/2.8 லென்ஸை வாங்கினால் எஃப்/2.8 வரவில்லையே என்று சிலர் பயந்துபோகிறார்கள்; லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. நான் எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவிலேயே நிற்பேன், ஃபிளாஷ் போட்டு, அதன் முன்னால் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் நல்ல பெரிய டிஃப்யூசர் வைத்து. லென்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து டிஃப்யூசருக்குப் போடுங்கள். வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளியாக எரியும் ஃபிளாஷை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றால், கேமரா உடலிலேயே இருந்தால் லென்ஸில் இல்லாதது பெரிய குறை இல்லை. சிக்மா 105, புதிய டாம்ரான் 90 இரண்டிலும் கிடையாது. ஆனால் கேனான் ஆர்8, சோனி ஏ6400, நிக்கான் இசட்50 மாதிரி உடலில் ஸ்டெபிலைசர் இல்லாத கேமரா வைத்திருந்தால் லென்ஸில் இருப்பதையே வாங்குங்கள், முகம் எடுக்கும்போது மாலை வெளிச்சத்தில் கண்கூடாக உதவும். 1:1-ல் அதை நம்பி இருக்காதீர்கள். 2009-ல் வந்த கேனான் இஎஃப் 100 எல், சாய்வோடு பக்கவாட்டு அசைவையும் சேர்த்துச் சமாளிக்கும் ஹைப்ரிட் முறையோடு வந்தது. அதற்கே கேனான் சொன்னது சாதாரண தூரத்தில் நாலு ஸ்டாப், 1:1-ல் இரண்டு ஸ்டாப். முன்னும் பின்னும் ஆடுவதை எந்த ஸ்டெபிலைசரும் தடுக்காது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. சிக்மா 105 ஆர்ட், 2020-ல் வந்தது, 715 கிராம், அப்பர்ச்சர் வளையம் உண்டு, அதன் டிக் சத்தத்தை நிறுத்தவும் முடியும். கையில் பிடித்தாலே தரம் தெரியும், ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஓரங்களில் பச்சை, ஊதாக் கோடுகள் அநேகமாக இல்லை. வெள்ளி நகை எடுப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். நண்பரிடம் வாங்கி எடுத்துப் பார்த்த வரையில் ஆட்டோஃபோகஸ் டாம்ரானை விட மெது. சோனி 90 ஜி, 2015-ல் வந்து இன்றும் நன்றாக ஓடுகிறது. ஃபோகஸ் வளையத்தைப் பின்னால் இழுத்தால் மேனுவல், முன்னால் தள்ளினால் ஆட்டோ, இந்த ஒரு வசதிக்காகவே அதை விடாமல் வைத்திருப்பவர்களைத் தெரியும். கேனான் ஆர்எஃப் 100 எல், 2021-ல் வந்தது, 1.4 மடங்கு வரை போகும், முகத்தை மென்மையாக்கவும் பின்னணியின் வட்டங்களை மாற்றவும் தனியாக ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் ஃபோகஸும் நகரும், அதனால் முதலில் திருப்பி வைத்துவிட்டு அப்புறம்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்த வளையத்துக்காக வாங்க வேண்டாம், 1.4 மடங்குக்காக வாங்கலாம். மிரர்லெஸ் கேனான் வைத்திருந்து பணம் இடிக்கிறது என்றால் பழைய இஎஃப் 100 எல்லை அடாப்டரில் மாட்டிக்கொள்ளுங்கள், இன்றைக்கும் அதில் எடுத்த முகத்தைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. லாவோவா 100 மி.மீ. 2 மடங்கு வரை போகும், பூச்சிக்காரர்களுக்கு விருந்து, ஆனால் மேனுவல் ஃபோகஸ் மட்டும்தான். எஃப்/2.8-ல் திறந்து வைத்து, அசைகிற ஆளின் கண்ணைக் கையால் பிடிப்பது பழக்கம் உள்ளவர்களுக்கே கடினம். அதைப் போர்ட்ரெய்ட் லென்ஸ் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. சின்ன சென்சார் கேமராக்களில் ஒலிம்பஸ் 60 மி.மீ. எஃப்/2.8 என்னைக் கவர்ந்தது, 185 கிராமில் 1:1, பார்வைக் கோணத்தில் 120 மி.மீ.க்குச் சமம். பின்னணி மட்டும் அவ்வளவாகக் கரையாது. ஃபியூஜியில் 60 மி.மீ. எஃப்/2.4 பெயருக்கு மேக்ரோ, 1:2-ல் நின்றுவிடும், முகத்துக்கும் ஆகும் நீளத்தில் 80 மி.மீ. எஃப்/2.8-தான் 1:1 போவது, அது கனம்.

மேக்ரோ வாங்க வேண்டாம் என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. பத்துப் படத்தில் ஒன்பது முகம், எப்போதாவது ஒரு மோதிரமோ பூவோ என்றால் 85 மி.மீ. எஃப்/1.8 வாங்கிவிட்டு, ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கண்ணாடியை அதன் முன்னால் கவ்வவிடுங்கள். 52-லிருந்து 67 மி.மீ. வரை உள்ள ஃபில்ட்டர் வளையங்களில் அது பிடித்துக்கொள்ளும். 8 டையாப்டர் சக்தி, 85 மி.மீ.யோடு சேர்ந்தால் 0.7 அளவுக்கு உருப்பெருக்கம் தரும், பொருளிலிருந்து 12 செ.மீ. அளவில் நிற்கலாம். எக்ஸ்டென்ஷன் டியூப் இன்னொரு வழி, உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய், ஆனால் 25 மி.மீ. குழாய் 85-ல் 0.3 மட்டுமே கூட்டும், மாட்டியிருக்கும்போது தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. கழற்றி மாட்டும் நேரத்தில் பூச்சி வேறு ஊர் போய்விடும், ரேனாக்ஸ் அரை நொடியில் கழன்று வரும்.

பழையது வாங்குபவர்களுக்குக் கடைசியாக. மேக்ரோவைச் சும்மா ஒரு சுவரைப் படம் எடுத்துச் சோதிக்க முடியாது. முதலில் முன்னும் பின்னும் மூடியைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறக்க முடிந்தால் திறந்துவைத்து, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இதழ்களில் எண்ணெய்ப் பூச்சு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கேமராவில் மாட்டி, மிகக் கிட்டத்திலிருந்து தொலைவுக்கும் தொலைவிலிருந்து கிட்டத்துக்கும் ஆட்டோஃபோகஸை மாறி மாறி ஓடவிடுங்கள், நடுவில் எங்காவது தயங்கினாலோ கரகரத்தாலோ மோட்டார் தேய்ந்திருக்கிறது. மூக்கு நீளும் பழைய ரகமாக இருந்தால் முழுக்க நீட்டி முனையை லேசாக ஆட்டுங்கள், கொஞ்சம் ஆட்டம் இருக்கும், கடகடவென்று ஆடினால் எங்கேயோ விழுந்த லென்ஸ். ஸ்டெபிலைசர் இருந்தால் அதைப் போட்டுவிட்டு வியூஃபைண்டரில் படம் குதிக்கிறதா என்று கவனியுங்கள். லிமிட்டர் ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையும் சொன்ன வேலையைச் செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம் விற்பவரையே ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, எஃப்/2.8-ல் கண்ணில் ஃபோகஸ் வைத்து வரிசையாகச் சில படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கி இமையைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஃபோகஸ் கண்ணை விட்டுக் காது பக்கமே போகிறது என்றால் அந்த லென்ஸை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.